தண்ணீர் இல்லை என்று சொன்ன வாரம்

சாரல் காலத்தில் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். ஆனி பிறந்ததும் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "குத்தாலத்துல தண்ணி விழுதா?" இதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்லும் உத்தியோகம் என்னுடையது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மெயினருவியில் எப்படி, ஐந்தருவியில் எத்தனை கிளை, பழைய அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று, ஏதோ நானே மடையைத் திறந்துவிட்டவள் மாதிரி ஒப்பிப்பேன். அதில் எனக்குப் பெரிய பவுசு.

அந்த வருஷம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் தண்ணி இல்லேன்னு சொல்லிரு. பாறை காஞ்சு கெடக்குன்னு சொல்லு" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில் நின்றால் மலையில் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. இப்படியுமா ஒருத்தி பொய் சொல்லச் சொல்வாள்!

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் அதிலிருந்து துளி சதை எடுத்து, இரண்டு தையல் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும், நாங்களே கூப்பிடுவோம், அதுவரை தையலில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த கட்டி, என் தம்பிக்கு முழங்காலில் வந்ததுதான். அது மூன்றே நாளில் உடைந்து ஆறிப்போனது. இதற்குப் போய் அம்மா இவ்வளவு அலட்டிக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன் அடித்தால் போதும், அம்மாவின் கையில் இருப்பது நழுவிவிடும். அவளாக எடுக்க மாட்டாள். "யாருன்னு பாரு, யாருன்னு பாரு" என்று என்னைத் துரத்துவாள். சித்தப்பாதான், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறார் என்று நான் சொன்னதும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். தம்பியைக் காரணமில்லாமல் அடித்தாள், அடித்துவிட்டு அவனைவிட அதிகமாக அழுதாள். அப்பாவுக்கு "ஒண்ணும் இருக்காது" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அம்மா, "இருக்காது இருக்காதுங்கீங்களே, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை கோவில்பட்டி அத்தை போன் செய்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவளிடம் எதையும் சொல்லவில்லை. அன்று காலையில் அம்மா என்னையும் அடித்திருந்தாள். அந்தக் கோபம் எனக்கு. "தண்ணி பிச்சுக்கிட்டு விழுது அத்தை, ஒடனே வாங்க" என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் வேன் வந்து நின்றது. பதினொரு பேர். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. இட்லிக்கு மாவு போதாது என்று மட்டும் சொன்னாள்.

அத்தையிடம் யாருடைய மறுப்பும் எடுபடாது. அம்மாவையும் ஏற்றிக்கொண்டுதான் வேன் கிளம்பியது. மெயினருவியில் பெண்கள் பக்கம், துணிப்பைகளுக்கும் கழற்றி வைத்த வளையல்களுக்கும் காவலாக அம்மா படியில் உட்கார்ந்தாள். போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏட்டி, எங்ககூட குளிச்சா கொறஞ்சா போயிருவே?" என்றாள் அத்தை.

"சளி பிடிச்சிருக்கு மதினி."

அப்போது போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் அம்மா அவளே எடுத்தாள். "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க, கேக்கல!" அருவி இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் பாதிதான் கேட்டது. சட்டென்று எழுந்து, செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடினாள். "வளையல் அங்கன கெடக்குட்டி!" என்று அத்தை பின்னால் கூப்பாடு போட்டாள். நானும் ஓடினேன். சிப்ஸ் கடைகளையெல்லாம் தாண்டி ரோட்டுக்கு வந்து, ஒரு பழவண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"ம்... ஆமாங்க... இப்பச் சொல்லக் கூடாதாங்க?... சரிங்க."

அவ்வளவுதான். வண்டிக்காரர் மங்குஸ்தான் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"திங்கக்கிழமை நேர்ல வரணுமாம். அப்பாவையும் கூட்டிக்கிட்டு வரணுமாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கெட்ட சேதியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்கள் அல்லவா? பத்து வயசுப் புத்தி. "நானும் வாரேம்மா, அல்வா வாங்கலாம்" என்றேன். அம்மா என் தலையில் கையை வைத்தாள்.

திரும்பி வந்தவள் படியில் உட்காரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு நேரே தண்ணீருக்குள் போனாள். "தையல்ல தண்ணி படும்மா!" என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அத்தைக்கு ஏக சந்தோஷம். "இப்பத்தான் வழிக்கு வந்திருக்கா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அருவிக்குக் கீழே நின்றால் எல்லோரும் கத்துவார்கள். தண்ணீர் தலையில் அறையும்போது தானாக வரும் கத்தல் அது. அம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு கத்தினாள். அவள் அவ்வளவு பெரிதாகக் கத்தி நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரமாக எரிந்து விழுந்துகொண்டிருந்த அம்மா பழையபடி ஆகிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தபடி, 'ஹோ'வென்று நானும் கத்தினேன்.