தாஸ் போட்ட வெல்டிங்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவன்.

பெங்களூரில், உள்ளிருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கும் கலங்களை, அதாவது வேக்குவம் சேம்பர்களைச் செய்யும் தொழிற்கூடத்தில் நான் மேனேஜர். கே.ஜி.எஃப்பிலிருந்து தினமும் ரயிலில் வரும் தாஸ்தான் எங்கள் வெல்டர். ஒரு ஸ்டீல் சேம்பரில் இரண்டு நாள் பம்ப் ஓடியும் அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை.

“உன் வெல்டிங்ல ஓட்டைய்யா!” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“ஹீலியம் அடிச்சு ரெண்டு வாட்டி செக் பண்ணேன் சார். லீக் இல்ல.”

“அப்போ உள்ள பேய் ஊதுதா? நாளைலேருந்து வராத.”

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் உள்ளே என்ன வாயு என்று அளந்தோம். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து நைட்ரஜன் காட்டும். காட்டியதோ வெறும் ஹைட்ரஜன். அது ஸ்டீலுக்குள்ளிருந்தே கசிவது. அதைப் போக்கத்தான் ஸ்டீலை வேக்குவம் உலையில் சுடுவார்கள். அவசரத்தில் அதை வேண்டாமென்று சொன்ன முட்டாள் நான்தான்.

தேடிப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார்.

“தப்பு என்னோடது தாஸ். திரும்பி வந்துடுங்க.”

“வேணாம் சார். இப்பல்லாம் வெல்டிங் டார்ச்சத் தொட்டா என் கை மேல எனக்கே டவுட் வருது.”

கார் ஒன்று ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்க ஓடினார்.

சேம்பரைப் பிறகு உலையில் சுட்டோம். இப்போது அழுத்தம் ஒழுங்காக இறங்குகிறது. அவர் போட்ட வெல்டிங் அப்படியேதான் இருக்கிறது.