பிழிந்து கொடுத்த பால்

எட்டாம் மாதம் தொடங்கிய வாரத்திலேயே என் பனிக்குடம் உடைந்துவிட்டது. அப்போது நான் தலவாக்கலையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டு நின்றவள் காலடியில் ஈரத்தைப் பார்த்ததும் அசையவே பயந்துபோனேன். முதலாளியின் மனைவிதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று மாலைக்குள் மகள் பிறந்தாள். பூனைக்குட்டி கத்துவதைப் போல ஒரேயொரு சத்தம் கேட்டது. என்னிடம் காட்டாமலே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள்தான் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மூக்கில் மெல்லிய குழாய். தொடை என் கட்டைவிரல் தடிப்புக்கூட இல்லை. தொடலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிரிவில் இருந்த தாதி சிங்களப் பெண். தமிழைத் தட்டித்தடவிப் பேசினார். குழந்தையை 'பபா' என்றார்.

"பபாவுக்கு இன்னும் சப்ப தெரியாது. அம்மா பால் பிழிஞ்சு தரணும். நாங்க குழாயில குடுப்போம்."

சின்னக் கோப்பையொன்றைக் கையில் தந்தார். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். தோள் கடுக்கும்வரை செய்தேன். கோப்பையின் அடியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு மட்டும் தெரிந்தது. வெட்கத்தோடு நீட்டினேன். தாதி அதை வழித்து ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டார்.

"இதுதான் பபாவுக்கு முதல் மருந்து. திரும்பத் திரும்ப எடுங்க, அப்பதான் கூடும்."

பார்வையாளர் நேரத்தில் மாமியார் வந்தார். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே பஸ் ஏறியிருந்தார். சேலை ஓரத்தில் ஈரம் காயவில்லை. சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

நான் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"பால்மா குடுக்கச் சொல்லு புள்ள. உயிர வச்சுக்கிட்டு வீம்பு பண்ணக் கூடாது. எம் புள்ளைங்க எல்லாம் பால்மாவுலதான வளந்துச்சு?"

பக்கத்தில் நின்ற என் கணவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

டாக்டரிடம் கேட்டேன். குறைமாதக் குழந்தையின் குடலுக்குத் தாய்ப்பால்தான் சுலபமாகச் செரிக்கும், கிருமியிலிருந்தும் காக்கும் என்றார். "உண்மையிலேயே போதாவிட்டால் என்ன செய்வதென்று உங்களோடு பேசித்தான் முடிவெடுப்போம். இப்போது நீங்கள் பிழிவதை விடாதீர்கள்."

பால் மெதுவாகக் கூடியது. கோப்பையின் அடி மறைந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குழந்தையின் வயிறு வீங்கியது. பால் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டு, கையில் ஊசி ஏற்றி சேலைன் விட்டார்கள். என் பால்தான் அவளுக்கு ஆகவில்லை என்று நினைத்தேன். கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கோப்பையைத் தொடவில்லை. மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிக்கத் தொடங்கியபோதும் யாரிடமும் சொல்லவில்லை.

தாதி கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் நிப்பாட்டின?"

"அவ குடிக்கலையே மிஸ்ஸி. நான் யாருக்கு எடுக்கிறது?"

"உங்க பால் கெட்டது இல்ல. குடலுக்கு ஓய்வு குடுக்கிறோம், அவ்வளவுதான். நாளைக்குக் குடிக்க கேட்டா, உங்ககிட்ட பால் இல்லன்னா என்ன செய்றது?"

கையைப் பிடித்து எழுப்பி, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பெட்டியின் துவாரத்துக்குள் கையை விடச் சொன்னார். மகள் என் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டாள். சட்டை பாலில் நனைவதை அப்போதுதான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் அவள் பக்கத்திலிருந்துதான் பிழிந்தேன். எடுத்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வீக்கம் வற்றியதும் அதே பாலைத் துளித்துளியாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் வயிற்றைப் பார்த்தபடியே நின்றேன்.

பிறகு அவளை என் வெறும் மார்பில் வைத்துத் துணியால் கட்டினார்கள். சில நாட்களில் தலையைத் திருப்பித் தேட ஆரம்பித்தாள். முதன்முதலாக மார்பில் போட்டபோது பால் வேகமாகப் பாய்ந்து அவளுக்குப் புரையேறியது. உதடு நீலமானது. தாதி பறித்துக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார். அவள் அழுத பிறகும் நான் கையை நீட்டி வாங்கவில்லை.

"வேணாம் மிஸ்ஸி. குழாயிலயே குடுங்க."

"கொஞ்சம் பிழிஞ்சுட்டு, வேகம் குறைஞ்சதும் குடுப்போம். தலைய உயர்த்திப் பிடிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மறுநாள் அப்படியே செய்தேன். அவள் வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து அணைத்தேன். தாடை மார்பில் பதிந்தது. பிறகு சின்னதாக ஒரு விழுங்கும் சத்தம். தாதி விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசவிடாமல் செய்தார். இன்னொரு விழுங்கல் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் போகவில்லை. லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். "புள்ள மெலிஞ்சுல்ல இருக்கு. பால் பத்தாது போல" என்றாள் ஒருத்தி. நான் மாமியாரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பத்தும் பத்தும். பேச்சுக் குடுக்காம இருங்க, அவ பால் குடுக்கட்டும்" என்று வந்தவர்களை வாசல் பக்கம் அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் காலைத் துணியால் மூடிவிட்டார்.

"எனக்கு நெறைய வந்துச்சு புள்ள. மலையில கொழுந்து எடுக்கிறப்ப நெஞ்சு கட்டிக்கிட்டு வலி உயிர் போகும். தேயிலச் செடி மறைவுல பிழிஞ்சு விட்டுட்டுத் திரும்ப என் செடி நெரைக்கு ஓடுவேன். கீழ புள்ளைங்கள பாத்துக்கிற எடத்துல எம் புள்ளைக்குப் பால்மா கரைச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டு எழுந்து எனக்கு மல்லித் தண்ணீர் வைக்கப் போனார்.

கிளினிக் நாளில் மாமியார் வேலைக்குப் போகாமல் கூட வந்தார். மருத்துவமாது குழந்தையைத் தராசில் தொங்கவிட்டபோது முள் ஆடி ஆடி நிற்க மாட்டேன் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லா கூடியிருக்கு" என்றார் மருத்துவமாது.

மாமியார் தராசுக்குக் கிட்டே போய் முள்ளை உற்றுப் பார்த்தார். எழுத்துத் தெரியாத அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ, முகம் மலர்ந்தது.

"இன்னொருக்கா நிறுத்துப் பாருங்க மிஸ்ஸி" என்றார்.