ஒன்றும் ஏழும்

சீட்டை வாங்கியதும் மருந்துக்கடை அக்கா அதை முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். பிறகு நேராக்கி, கையை முழுதாக நீட்டி, குழல்விளக்கின் பக்கம் சாய்த்து, உதட்டை மட்டும் அசைப்பார். எதிரே நிற்பவர் மேசைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். "என்ன எழுதியிருக்காரு டாக்டர்?" என்று கேட்டால், "அவருக்கே இப்ப தெரியாது. இருங்க, நான் சொல்றேன்" என்பார். அடுத்த நொடி கை சரியான இழுப்பறைக்குப் போயிருக்கும்.

தலைகீழாகப் பார்ப்பதற்கு அவரிடம் காரணம் உண்டு. "நேரா பார்த்தா, என்ன எழுதியிருக்கும்னு மனசு முன்னாடியே முடிவு பண்ணிடும். தலைகீழா பார்த்தா வெறும் கோடுதான் தெரியும்."

வயது நாற்பத்தொன்பது. கடை, செருப்புக் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் மேல் ஒரு வானொலி. அதன் குமிழ் என்றோ உடைந்து, நாள் முழுக்க மேல்நாட்டுச் செவ்வியல் இசை வாசிக்கும் நிலையத்திலேயே நின்றுவிட்டது. "வேற ஏதாவது பாட்டு வைங்கக்கா" என்று கேட்பவர்களுக்கு அக்கா உடைந்த குமிழைக் காட்டுவார். பழுது பார்க்க ஆள் வந்தபோது, "இருக்கட்டும், விடுங்க" என்று திருப்பி அனுப்பியதை மட்டும் சொல்லமாட்டார்.

அக்காவுக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. முணுமுணுத்தால்கூட இருமல் என்று நினைத்து மிட்டாயை நீட்டுவார்கள். ஆனால் ஒருநாள் வானொலியில் ஒரு பியானோ இசை கேட்டு, இதை எழுதியவர் யார் என்று இணையக் கலைக்களஞ்சியத்தில் தேடினார். மூன்றே வரி இருந்தது. அதில் ஒரு வரி இன்னொரு வரியோடு ஒத்துப்போகவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பக்கத்தின் மேலே எழுதியிருந்தது. "அந்த ஒரு வரியைத் திருத்திட்டு வரேன்னு போனவ. பதினோரு வருஷமாச்சு, இன்னும் திரும்பி வரல" என்பார் அவர் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் பிரேக்கை அழுத்துவதுதான் வேலை. வீட்டில் அப்படி ஒரு பிரேக் இல்லையே என்பது அவருடைய குறை.

மதியம் இரண்டு முதல் நான்கு வரை கடையில் ஈ ஓட்டவும் ஆள் வராது. அந்த நேரத்தில் இருமல் மருந்துக் குப்பிகளுக்குப் பின்னால் மடிக்கணினி திறக்கும். அக்காவிடம் நாற்பத்து மூன்று இசையமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த ஊர், படைப்புகளின் பட்டியல், எது எப்போது முதலில் அரங்கேறியது என்று எல்லாம் அவர் பொறுப்பு. பேசும்போது சொந்தக்காரர்கள் போலத்தான் வருவார்கள். "இவரு ரெண்டாவது கல்யாணத்துக்கு அப்புறம் உருப்படியா ஒண்ணும் எழுதல." "அவருக்குக் காது மந்தம்னு சொல்றாங்க, அதெல்லாம் பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும்தான்."

கலைக்களஞ்சியத்தில் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அக்காவின் பெயர் 'மருந்துச்சீட்டு'. காற்புள்ளிகளை மட்டும் திருத்திக்கொண்டு திரியும் ஒருவர் உண்டு. 'கல்வெட்டு' என்று ஒருவர் உண்டு. ஆதாரம் இருக்கும் வரியில் யார் கைவைத்தாலும் பத்து நிமிடத்துக்குள் பழையபடி மாற்றிவிடுவார். இவர்கள் எல்லோருக்கும் அக்கா மீது ஒரு மரியாதை. பழைய கடிதங்களின், இசைக் கையெழுத்துப் படிகளின் படங்கள் கிடைத்தால் முதலில் அவருக்குத்தான் அனுப்புவார்கள். படித்துச் சொல்லிவிட்டு, "இருபத்தாறு வருஷமா டாக்டருங்க எழுத்தைப் படிக்கிறேன். இவரு பாவம், நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்று பதில் போடுவார்.

அவருக்கு மிகவும் பிடித்தவர் அந்த முதல் மூன்று வரிக்காரர்தான். சுங்கச்சாவடியில் எழுத்தராக இருந்து, இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அக்கா அவரைச் 'சுங்கக்காரர்' என்பார். ஒன்பது வருடத்துக்கு முன் சுங்கக்காரர் தன் தங்கைக்கு எழுதிய, தேதி போடாத ஒரு கடிதத்தின் படம் கிடைத்தது. அக்கா அதைப் படித்தார்: 'எனக்கு 14 வயதாகிறது. நேற்று இந்தச் சிறிய பியானோ இசையை எழுதி முடித்தேன். யாரிடமும் சொல்லாதே, சிரிப்பார்கள்.'

பதினான்கு வயது. அன்று கடையில் யார் வந்தாலும் அக்கா சிரித்த முகமாக இருந்தார். வானொலியில் கேட்ட அந்த இசையை அவர் பதினான்கு வயதில் எழுதினார் என்ற வரியை அன்றே கட்டுரையில் சேர்த்தார்.

வரி ஊர் சுற்றப் புறப்பட்டது. ஒரு கச்சேரி அரங்கின் அறிமுகத் தாளில் வந்தது. செய்தித்தாளின் வார இணைப்பில் ஒரு விமர்சகர், 'மீசை அரும்பாத பையனின் குறும்பு இந்த இசையில் துள்ளுகிறது' என்று எழுதினார். இசைத்தட்டின் உறையில் வந்தது. சிறுவர் புத்தகத்தில், இசைப்பள்ளியின் கையேட்டில் எல்லாம் வந்தது. கடைசியில் குளிர்பெட்டியின் மேலிருந்தே வானொலி அறிவிப்பாளர் அதைச் சொன்னார். அக்கா சத்தத்தைக் கூட்டிவிட்டு, மூக்கடைப்போடு நின்ற ஒருவரைக் கையமர்த்திக் காக்க வைத்தார். பதினான்கில் பூத்து, பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்தே வாடிப்போன மேதை என்று சுங்கக்காரருக்கு ஒரு கதையே உருவாகிவிட்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் சுங்கக்காரரின் இன்னொரு கடிதம் கிடைத்தது. கூரை ஒழுகுகிறது என்று வீட்டு உரிமையாளருக்கு எழுதிய புகார். படித்துக்கொண்டே வந்த அக்கா வீட்டு எண்ணில் நின்றார். 17. ஒன்றும் ஏழும் அருகருகே. ஒன்றுக்குத் தலையில் ஒரு சின்னத் தொப்பி இருந்தது, காலடியில் ஒரு கோடும் இருந்தது. ஏழுக்குத் தொப்பி மட்டும்தான்.

அக்கா, தங்கைக்கு எழுதிய அந்தப் பழைய கடிதத்தின் படத்தைத் திறந்தார். கணினித் திரையைத் தலைகீழாகப் பிடிக்க முடியாது என்பதால், அன்று அதை நேராகவேதான் படித்திருந்தார். இப்போது நாற்காலியில் முழங்காலை ஊன்றி, தலையைக் கவிழ்த்துத் திரையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

"காலடில கோடு இல்ல" என்றார் அக்கா, தலைகீழாகவே. "அது ஒண்ணு இல்ல. ஏழு. அவருக்குப் பதினாலு இல்லைங்க. எழுபத்து நாலு."

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, கணவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். "யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

"விட்டுடேன். ஒரு நம்பர்தானே."

"இங்க உக்காந்துக்கிட்டு ஒரு நம்பர்தானேன்னு சொல்றீங்களே" என்று அக்கா சுற்றியிருந்த அலமாரிகளைக் காட்டினார். கணவர் அதற்குப் பிறகு வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

இரண்டு நாள் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எழுத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பேர் அப்படியே இருந்திருக்கும். மூன்றாம் நாள் மதியம், பதினான்கை எழுபத்து நான்கு என்று மாற்றினார்.

ஏழாவது நிமிடத்தில் அது மறுபடி பதினான்காகிவிட்டது.

கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கல்வெட்டு எழுதியிருந்தார்: "ஆறு ஆதாரங்கள் பதினான்கு என்கின்றன. தாங்கள் ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கூறுகிறீர்கள்."

"அந்த ஆறும் என்னைப் பார்த்து எழுதினதுதாங்க. தப்பைச் செஞ்சதே நான்தான்" என்று அக்கா பதில் போட்டார்.

"அதற்கு ஆதாரம் தேவை" என்றார் கல்வெட்டு.

அக்கா ஒன்றையும் ஏழையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எழுத்தைத் தானே பார்த்து முடிவு செய்வது சொந்த ஆராய்ச்சி, களஞ்சியம் அதை ஏற்காது, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று கல்வெட்டு விதி எண்ணோடு எழுதினார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட இடமில்லை. அந்த விதிக்கு ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

சுங்கக்காரர் வாழ்ந்த ஊரில் ஓர் ஆவணக் காப்பகம் இருந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அக்கா கடையின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதமே எழுதி அஞ்சலில் போட்டார். பத்தொன்பது நாள் கழித்து உறை வந்தது. காப்பாளர் விடுப்பில் இருந்தாராம், அலமாரிச் சாவி அவருடன் போயிருந்ததாம். உள்ளே பழைய அச்சுத் தாள் ஒன்றின் நகல். அந்த இசை முதன்முதலில் வாசிக்கப்பட்ட மாலையின் நிகழ்ச்சி நிரல். மூன்றாவது வரி: 'இசையமைப்பாளர் தம் எழுபத்து நான்காம் வயதில் இயற்றியது.' எண்ணால் அல்ல, எழுத்தால். நகலின் அடியில் காப்பாளர் பேனாவால் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்: 'தங்கள் தாளைப் பார்த்தால் மருந்துக்கடை போலிருக்கிறது. வலது முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது?'

அக்கா முதலில் தைலத்தின் பெயரை எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் நகலைப் பேச்சுப் பக்கத்தில் ஏற்றினார்.

அன்று கல்வெட்டிடமிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அக்கா நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூன்றாம் நாள் வந்தது: "ஏற்கிறேன். மாற்றத்தைத் தாங்களே செய்வதுதான் முறை. தாமதத்துக்கு மன்னிக்கவும், கல்லூரியில் தேர்வு நடக்கிறது. நாளை கணக்கு."

அக்கா அதை மூன்று முறை படித்தார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, ஓய்வு பெற்ற நீதிபதி என்று இத்தனை வருடம் அவர் மனதில் ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார். "நல்லா எழுதுப்பா" என்று மட்டும் பதில் போட்டார். பிறகு பதினான்கை மாற்றினார். மாற்றத்துக்கான காரணம் கேட்கும் சின்னக் கட்டத்தில், 'முதல் பிழை என்னுடையது' என்று தட்டச்சு செய்தார்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து அந்த ஆறையும் துரத்தினார்கள். கணக்குத் தேர்வு முடிந்த கையோடு கல்வெட்டு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். கல்லில் செதுக்கிய மாதிரி நான்கு வரி. விமர்சகர் அடுத்த வாரமே, 'முதுமையின் கனிவு இந்த இசையில் வழிகிறது' என்று எழுதினார். வானொலி அறிவிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். அப்போது கடையில் யாரும் இல்லை. அக்கா குளிர்பெட்டியைப் பார்த்து, "பரவாயில்லங்க" என்றார்.

அக்கா வீட்டு மாடியில் அவர் தங்கை குடும்பம். தங்கை மகளுக்குப் பதின்மூன்று வயது, இசைப்பள்ளியில் பியானோ கற்கிறாள். ஆண்டுவிழாவுக்கு அவளுக்குக் கொடுத்திருந்தது சுங்கக்காரரின் அதே இசைதான். "பதினாலு வயசுல அந்தப் பையன் எழுதியே முடிச்சுட்டான். உனக்கு வாசிக்கக்கூட வரல" என்று தங்கை தினமும் கரித்துக்கொட்டுவது கீழே கேட்கும். அக்கா மாடியேறிப் போய் உண்மையைச் சொன்னார்.

பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப எனக்கு இன்னும் அறுபத்தொரு வருஷம் இருக்கு பெரியம்மா" என்று பியானோவை மூடினாள்.

"நல்லா வந்து சொன்னே போ" என்றாள் தங்கை.

ஆனால் அரை மணி நேரத்தில் மேலே வாசிப்பு தொடங்கியது. அக்கா கவனித்துக் கேட்டார். முன்பெல்லாம் துரத்தப்பட்டதுபோல ஓடும். இன்று அவசரமில்லாமல் நடந்தது. தப்பு வந்த இடத்தில் நின்று, சிரித்து, மறுபடி எடுத்தது.

ஆண்டுவிழா அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு எல்லோரும் போனார்கள். இருநூறு பேர் கொள்ளும் அரங்கம் நிறைந்திருந்தது. கணவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல வலது காலை முன்னே நீட்டிக்கொண்டார். அக்கா மூன்றாம் வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில். கையேட்டைத் திருத்தச் சொல்லி அவர் பள்ளிக்கு இரண்டு முறை எழுதியிருந்தார். தலைமை ஆசிரியை மேடைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போன வருடத் தாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பெண் பியானோ முன் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"அடுத்து வரும் இந்த இனிய இசையை அதன் ஆசிரியர் இயற்றியது, குழந்தைகளே கவனியுங்கள், தம்முடைய பதினான்காவது வயதில்."

தங்கை சட்டென்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, வேணாம். உக்காரு. இத்தனை பேர் இருக்காங்க."

எங்கே போனாலும் கடைசி நாற்காலி தேடுகிறவர் அக்கா. அறிவிப்பு ஒலிபெருக்கியில் கரைவதற்குள் எழுந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ, "மேடை தெரியலங்க, உக்காருங்க" என்றார்கள். தலைமை ஆசிரியை தாளிலிருந்து கண்ணை உயர்த்தி, என்ன என்பதுபோலப் பார்த்தார். அக்கா கைப்பையைத் தங்கையின் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மேடைக்கு நன்றாகத் தெரியும்படி முதலில் ஏழு விரல்களைக் காட்டினார். பிறகு நான்கு.