பக்லாவா வந்த டப்பா

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அது எனக்கே வேண்டியதாக இருந்தாலும் கை நீட்ட மாட்டேன். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கணக்கு டீச்சர் புத்தி'. விடை தப்பென்று தெரிந்த பிறகும் போர்டை அழிக்க மாட்டேனாம். அழிப்பேன். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் ஒன்பது மாதம் எடுத்தது.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அதே ஆபீஸில் இருக்கும் கிரேக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். எனக்குக் கோபம் அதில்தான். பெண் மேல் எனக்கு ஒன்றுமில்லை என்று இன்று எழுதுவது சுலபம். அன்று அவள் மேலும் கோபம் இருந்தது, அவளைப் பெற்றவள் மேலும் இருந்தது. பப்ளிக் பரீட்சை பேப்பர் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கணவர் மட்டும் போய்வந்தார்.

திரும்பி வந்தபோது அவர் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒரு நீலத் தகர டப்பா இருந்தது. பெண்ணின் அம்மா தன் கையாலேயே செய்து கொடுத்தனுப்பினாராம். பெயர் பக்லாவாவாம். ஒரு துண்டாவது வாயில் போட்டுப் பார் என்றார்.

எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. வெளிநாட்டுப் பலகாரம், அதுவும் ஓவனில் வைத்தது என்றால் முட்டை இல்லாமல் இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முட்டை ஒரு சாக்கு. டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. மறுநாள் குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கொண்டுபோய், மகன் கல்யாண ஸ்வீட் என்று ஸ்டாஃப் ரூம் மேஜை மேல் வைத்தேன். இன்டர்வெல் முடிவதற்குள் காலி. பக்கத்து சீட் இங்கிலீஷ் டீச்சர் விரலைச் சப்பிக்கொண்டே, டப்பா அழகாக இருக்கிறதே, நான் வைத்துக்கொள்ளவா என்று கேட்டார். தாராளமாக என்றேன். விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

ஸ்வீட் எப்படி இருந்தது என்று மகன் போனில் கேட்டான். "ம்" என்றேன். அந்த 'ம்'மை அவன் 'அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது' என்று மொழிபெயர்த்து மாமியாரிடம் சொல்லியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இங்கிலீஷ் டீச்சர் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் அதே நீல டப்பா. உள்ளே அச்சு முறுக்கும் கல்கலாவும். சம்பந்தி வீட்டு டப்பாவைத் தான் வைத்துக்கொள்வது முறையில்லை என்று இத்தனை நாள் கழித்துத் தோன்றியதாம், வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லையாம். அவரை அனுப்பிவிட்டு, முறுக்கைத் தூக்குக்கு மாற்றினேன். அப்போதுதான் மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தேன். டேப் போட்டு ஒட்டிய துண்டுக் காகிதம், நெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. நீல மையில் இரண்டு வரி.

கிரேக்க எழுத்து. தீட்டாவும் பையும் சிக்மாவும் முப்பது வருஷமாக நான் போர்டில் எழுதுகிறவள்தான். கோணத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று. அவை ஒன்று சேர்ந்து வார்த்தையாகும், அந்த வார்த்தையில் ஒரு பொம்பளை எனக்கு ஏதாவது சொல்லியிருப்பாள் என்று யோசித்ததே இல்லை.

கணவர் போன் கேமராவை அதன் மேல் பிடித்தார். திரையில் தமிழ் வந்தது: 'என் மாமியாருக்கு. முட்டை இல்லாமல்.'

அவங்க மாமியாருக்கு வைத்திருந்த டப்பாவைத் தவறி உங்களிடம் கொடுத்துவிட்டார்களோ என்றேன். அவருக்கும் புரியவில்லை. மகனுக்குப் போட்டோ அனுப்பினோம். உடனே கூப்பிட்டான்.

"மாமியார் இல்லம்மா. சிம்பெதேரான்னு எழுதியிருக்காங்க. போன் இங்கிலீஷ் வழியாத்தான் தமிழுக்கு மாத்தும். இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தையே கிடையாது, அதான் உளறியிருக்கு. நம்ம சம்பந்திதாம்மா அது."

சிம்பெதேரா. நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். சம்பந்திக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது.

டப்பாவைத் திறக்காமல் ஸ்கூலில் கொடுத்ததை அவனிடம் சொன்னேன். பிறகு அவன் மெதுவாக மீதியையும் சொன்னான். உங்க அம்மா என்ன சாப்பிடுவாங்க என்று அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டாராம். முட்டை மட்டும் ஆகாது என்றிருக்கிறான். அவருக்குப் பேர் சொல்லும் பலகாரம் பாலும் ரவையும் உள்ளே வைத்துச் சுடுவது, அதில் முட்டை உண்டு. வெண்ணெய் பிஸ்கட்டில் மஞ்சள் கரு சேர்ப்பாராம். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் முட்டையே இல்லாத பக்லாவாவை எடுத்து, முழங்கால் வலியோடு ஒரு பகல் பூராவும் நின்று செய்தாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயர் எதுவும் அதற்கு இல்லை.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் வருவதாக இருந்தது. அவள் முதல் தடவையாக வருகிறாள். அன்றே முடிவு செய்தேன். அந்த டப்பா வெறுமையாகத் திரும்பிப் போகக் கூடாது. அதே பலகாரத்தை நானே செய்து நிரப்பி அனுப்ப வேண்டும். நான் செய்த காரியத்தையும் அந்த அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அதுவரை ஒரு துளி ருசி பார்ப்பதில்லை.

ஓடிஜி ஓவன் வாங்கினேன். முதல் தடவை சமோசா பட்டியை அடுக்கிச் செய்தேன். அப்பளக் கட்டு போல விறைத்துக்கொண்டது. இரண்டாம் தடவைக்கு, வேளச்சேரியில் ஒரு கடையில் அதற்கென்றே உள்ள மெல்லிய மாவுத் தாள் ஃப்ரீசரில் கிடைத்தது. ஆர்வத்தில் உடனே பிரித்தேன், அத்தனையும் பொடிப்பொடியாக நொறுங்கிற்று. மூன்றாம் தடவை பொறுமையாகக் குளிர் விட்டு, ஈரத்துணி போர்த்தி, ஒவ்வொரு தாளுக்கும் நெய் தடவி, நடுவில் பொடித்த வால்நட்டைத் தூவி அடுக்கினேன். வேகவைப்பதற்கு முன்பே வில்லை போட்டேன். பொன்னிறமாக எழும்பி வந்தது. கெட்டது பாகில்தான்.

பாகு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுக்கிற பதம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். மைசூர்பாகில் ஒருநாளும் தோற்றதில்லை. கம்பிப் பதத்தில், ஏலக்காய் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். அரைமணியில் தட்டு முழுக்கச் சர்க்கரை பூத்து இறுகிவிட்டது. கணவர் கரண்டிக் காம்பால் அதைத் தட்டிப் பார்த்து, மொட்டைமாடியில் ஓடு பெயர்ந்த இடத்தில் பதிக்கலாம் என்றார். தட்டை ஊறப்போட்டேன். நாலாம் தடவைக்கும் தாள் வாங்கி வைத்தேன்.

போகிக்கு முந்தின நாள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மருமகள் உயரமான பெண். வாசலில் செருப்பை விட்டுவிட்டு "அத்தை" என்றாள். மகன் பழக்கியிருக்கிறான். மறுநாள் சமையலறையில் மாவுத் தாளைப் பார்த்துவிட்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். பாகு எனக்கு அடங்கவில்லை, உனக்கு வருமா என்று கேட்டேன். எனக்குச் சாப்பிடத்தான் தெரியும், அம்மாவைக் கேட்போம் என்று வீடியோ கால் போட்டுவிட்டாள். நான் புடவையைச் சரிசெய்வதற்குள் அந்த அம்மா திரையில் வந்துவிட்டார். குட்டை முடி, மூக்கில் கண்ணாடி, பின்னால் ஒரு அடுப்பு.

மருமகள் மொழிபெயர்க்கும்வரை எங்கள் இருவருக்கும் பொறுமையில்லை. நான் பாகை விரலில் எடுத்துக் கம்பி இழுத்துக் காட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து ஊற்றிக் காட்டினார், இவ்வளவு தளர்வாக என்று. ஏலக்காய்க்குப் பதில் பட்டை, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் தேன். பட்டை எங்கள் வீட்டில் குருமாவோடு சரி. போட்டேன். அப்புறம் முக்கியமான ஒன்று. நாம் ஜாமூனைச் சூட்டோடு சூட்டாகப் பாகில் போடுகிறவர்கள். இதற்கு ஒன்று சூடாக இருந்தால் மற்றது ஆறியிருக்க வேண்டுமாம். பாகை ஃபேனுக்குக் கீழே ஆறவைத்தேன். தட்டு ஓவனிலிருந்து வந்ததும் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். சொய்யென்று ஒரு சத்தம், வில்லைகளுக்கு நடுவே நெடுநேரம் ஓடியது. அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நாளைவரை யாரும் தொடக் கூடாது என்றார்.

போனை வைக்கும் முன் அவர் ஏதோ சொன்னார். மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். போன தடவை நான் அனுப்பியது சிம்பெதேராவுக்கு அவ்வளவு பிடித்திருந்ததா, இத்தனை பாடுபட்டுத் தானே செய்கிறார்களே, எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பொங்கல். பால் பொங்கி, படைத்து முடித்ததும் நீல டப்பாவைத் துடைத்து எடுத்துவந்து, உன் அம்மாவைக் கூப்பிடு என்றேன். அங்கே காலை எட்டு மணி. மகன் என்னைத் தனியே இழுத்து, எதுக்கும்மா இப்ப, அவங்க சந்தோஷமா இருக்காங்க, விட்டுடேன் என்றான். முடியாது என்றேன். தப்பு விடைக்கு முழு மார்க் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

திரையில் அவர் வந்ததும் தமிழிலேயே சொன்னேன். மகன் இங்கிலீஷில் சொல்ல, மருமகள் அதைக் கிரேக்கத்தில் சொன்னாள்.

"சம்பந்தி, நீங்க அனுப்பினதை நான் சாப்பிடல. முட்டை இருக்கும்னு நினைச்சு, திறக்காமயே எல்லாத்தையும் ஸ்கூல்ல கொடுத்துட்டேன். உங்க சீட்டை இப்பதான் பார்த்தேன். தப்பு என்னோடது."

மருமகளின் குரல் பாதியில் இறங்கியது. அவளுக்கும் இது புதுசு. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைக்க அதில் ஒன்றுமில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, அம்மா கேக்கறாங்க. இதுல நீங்க முட்டை போட்டீங்களா?"

"போடலன்னு சொல்லு" என்றேன்.

"அப்ப சாப்பிடச் சொல்றாங்க. அவங்க பார்க்கணுமாம்."

தட்டின் நடுவிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, அவர் பார்க்கும்படி போனுக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட்டேன். மீதியை அடுக்கி டப்பாவை மூடினேன். மூடியின் உள்ளே, அவர் சீட்டுக்குக் கீழே, நான் ஒட்டியிருந்த சீட்டில் தமிழில் அதே இரண்டு வரிதான்: என் சம்பந்திக்கு. முட்டை இல்லை.