நூறு டீச்சர் வாசித்த கேள்விகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர் நூறு டீச்சர். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. நாலாம் வகுப்பு அவருடையது, மூன்றாம் வகுப்பு என்னுடையது, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பதினாறு வருடம் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் குரலைக் கேட்டிருக்கிறேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. எழுதும்போது கை கூசுகிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நூறு என்ற பட்டம் சும்மா வரவில்லை. அவர் வகுப்பில் வருடத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். தொண்ணூறுக்குக் கீழே வாங்கிய பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தால் போதும், "எங்க பிள்ளையையும் அந்த டீச்சர் வகுப்புல சேர்த்துக்கோங்க சார்" என்று தலைமையாசிரியர் அறை வாசலில் கூட்டம் நிற்கும். எங்களுக்கெல்லாம் எரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவர் தேர்வு நடத்தும் விதம் இப்படி. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, மேசை முன்னால் வந்து நின்று, முதல் கேள்வியிலிருந்து உரக்க வாசிப்பார். ஒரு கேள்விக்கு மூன்று தடவை. நாலு விடைகளையும் வரிசையாகச் சொல்வார். "எழுதியாச்சா? அடுத்தது போலாமா?" என்பார். நாற்பது தலைகளும் சேர்ந்தே குனியும், சேர்ந்தே நிமிரும். கடைசிக் கேள்வி முடியும்போது எல்லாப் பிள்ளைகளும் முடித்திருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று அவரே ஒருமுறை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கேள்வித்தாளைப் பள்ளியிலேயே கையால் உருட்டுகிற மெஷினில் எடுப்பார்களாம். பாதி எழுத்து மையில் ஊறி அப்பிப் போயிருக்கும். பிள்ளைகள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருதிருவென்று விழிக்க, பாவப்பட்டு அக்கா வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த வருடம் அவர் வகுப்புதான் முதல். பிறகு மெஷின் பழைய இரும்புக்குப் போனது, பளிச்சென்று அச்சடித்த தாள் வந்தது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. ஒரு வகுப்பில் வாசித்தால் அடுத்த வகுப்பில் வாசிக்காமல் இருக்க முடியுமா? நாங்கள் எல்லோருமே வாசிக்க ஆரம்பித்தோம்.

ஆனால் அக்கா மாதிரி யாராலும் வாசிக்க முடியாது. சரியான விடை வரும் இடத்தில் அவர் குரல் லேசாக இறங்கும், ஒரு நொடி நிற்கும், பிறகு நகரும். அது அவருக்கே தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் தெரியும். சொன்னால் பொறாமை என்று நினைப்பாரோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருடம்தான் புதிய பொதுத் திறன் தேர்வு வந்தது. எல்லாப் பள்ளி நாலாம் வகுப்புக்கும் ஒரே தாள், ஒரே நாள், ஒரே நேரம். மேற்பார்வைக்கு வேறு பள்ளியிலிருந்து ஆள் வரும். எங்கள் பள்ளிக்கு ஒரு சின்ன வயசு டீச்சர் வந்தாள். தேர்வு முடிந்து தாள்கட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடும்போது அக்காவைப் பார்த்து, "உங்க பசங்க எவ்வளவு ஒழுங்கு டீச்சர்! முதல் அரை மணி நேரம் ஒரு சத்தமில்ல, பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு என் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க" என்றாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. மார்க் கிடையாது, நாலு நிறம்தான். சிவப்பு என்றால் பிள்ளைக்கு உதவி தேவை, நீலம் என்றால் மிக நன்று. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் எங்கள் நாலாம் வகுப்பில் நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேர் சிவப்பு. நீலம் ஒன்றுகூட இல்லை. அக்கா முடிவுத் தாளை முன்னால் திருப்பிப் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். "பள்ளி மாறி வந்திருக்கும்" என்றார். மேலே எங்கள் பள்ளியின் எண்தான் இருந்தது.

தலைமையாசிரியர் இந்த மாதிரி விஷயங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். பிள்ளைகளின் முடிவுத் தாள் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது, சனிக்கிழமை பெற்றோரைக் கூட்டி முடிவை விளக்கச் சொல்லி உத்தரவும் வந்திருந்தது. அவர் உட்கார்ந்து நாலு காரணம் எழுதினார். தேர்வு புதுசு. முதல் வருடம். மேற்பார்வைக்கு வந்தவர் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவர். வீட்டில் பிள்ளைகளை யாரும் படிக்க வைப்பதில்லை.

"நீங்களே பேசிருங்கம்மா. நீங்க சொன்னா ஜனங்க நம்புவாங்க" என்று தாளை அக்கா கையில் கொடுத்தார்.

அக்காவும் பேசியிருப்பார். அவருக்கும் மூக்குடைபட்ட கோபம் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை வகுப்பில், "அரை மணி நேரம் என்னடி செஞ்சீங்க? ஏன் எழுதல?" என்று தெருமுனைத் தையல்காரம்மாவின் மகளைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அழவில்லை, பயப்படவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"அவங்க வாசிப்பாங்கன்னு காத்துட்டு இருந்தோம் டீச்சர். கடைசி வரைக்கும் வாசிக்கல."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"நீங்க வாசிச்சா எது சரின்னு தெரிஞ்சுரும். நீங்க அந்த இடத்துல நிப்பீங்கல்ல?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு வெற்றுத் தாள் விநியோகித்தார். அக்கா தேர்வு வைக்க ஆரம்பித்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் பத்துக் கேள்விகள். மீன் எங்கே வாழும்? மரத்தில், தண்ணீரில், மேகத்தில், மணலில். அக்கா நின்று வாசித்தார். தண்ணீரில் நிற்கவில்லை. மேகத்தில் நின்றார். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் தாள்களை அள்ளிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தாள்கட்டை என் மேசையில் வைத்தார். நாற்பத்தொரு பேரில் முப்பத்தேழு பேர் மீனை மேகத்தில் விட்டிருந்தார்கள்.

"சிரிக்காதே" என்றார். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

"உனக்குக் கேட்டிருக்குமே. இத்தனை வருஷமா பக்கத்துலதான இருக்கே. நான் இப்படித்தான் வாசிக்கிறேனா?"

"எல்லாரும்தான் வாசிக்கிறோம்க்கா" என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிறவர். அன்று சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "எங்க கடையிலயும் இதே கூத்துதான். இடது கண்ணை மூடச் சொல்றதுக்குள்ள பலகையில இருக்கற எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு ஒப்பிச்சுருவாங்க. அதான் ரெண்டு பலகை வச்சிருக்கோம்" என்றாராம். மனுஷர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்காவால் அதற்குப் பிறகு காபியை வாயில் வைக்க முடியவில்லை. "இருபத்துநாலு வருஷம் ஒரே பலகையை வச்சுப் பார்த்திருக்கேன்டி" என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தில் கூட்டம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தோம். தலைமையாசிரியர் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் பெரிய கட்டம் ஒன்றும், மற்ற நிறங்களுக்கு ஒப்புக்குச் சின்னக் கட்டங்களும் வரைந்திருந்தார். பெற்றோர் கையில் அவரவர் பிள்ளையின் தாள். பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு வாரமாக அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு அப்பா மகனின் காதைப் பிடித்தபடியே வந்து உட்கார்ந்தார்.

அக்கா மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே தையல்காரம்மா எழுந்துவிட்டாள். அவளும் இந்தப் பள்ளியில் படித்தவள், அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துப் பிள்ளைகளில் ஒருத்தி. தெருமுனையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். டீச்சர் மேல யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கும் இதே டீச்சர்தான். நான் இவங்ககிட்ட நூத்துக்கு நூறு வாங்குனவ. அந்தப் பேப்பரை இன்னிக்கும் கடையில சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். என் பொண்ணு சிவப்பு வாங்கியிருக்கான்னா கோளாறு அவகிட்டதான், டீச்சர்கிட்ட இல்ல."

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. மகள் கீழே குனிந்து செருப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா வாய் திறக்காமல் இருந்திருந்தால், முப்பத்து மூன்று பிள்ளைகளும் மக்குப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அந்தக் கூடத்தை விட்டுப் போயிருக்கும். அவர் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.

அக்கா தலைமையாசிரியர் கொடுத்த தாளை நாலாக மடித்தார்.

"பிள்ளைங்ககிட்ட கோளாறு இல்ல. கேள்வியை நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். வாசிக்கும்போதே எது விடைன்னு குரல்ல காட்டிக் குடுத்திருக்கேன். தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சேன். அவங்க கண்ணால படிக்கல, காதால எழுதினாங்க. அந்தத் தேர்வுல வாசிக்க ஆள் இல்ல. அதான் சிவப்பு. நியாயமாப் பார்த்தா அது என் தாள்ல வர வேண்டிய சிவப்பு. தயவு செஞ்சு வீட்டுல யாரும் அவங்களைத் திட்டாதீங்க."

தலைமையாசிரியர் இருமினார். பிறகு எழுந்து, "டீச்சர் பெருந்தன்மையாப் பேசறாங்க" என்று பூசி மெழுகப் பார்த்தார். "ஐயோ, விடுங்க டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சொன்னாள். இரண்டு பேர் கை தட்டினார்கள். அக்கா அந்தக் கைதட்டலில் இன்னும் கூனிக் குறுகிப் போனார். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் "நான்" என்றுதான் பேசினார். "நாங்கள்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த நாற்பத்தொரு பிள்ளைகளும் என்னிடம் ஒரு வருடம் வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் போனார்கள். நான் இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கலைந்தது. தையல்காரம்மா மட்டும் நகரவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அக்காவிடம் வந்தாள்.

"அப்போ எனக்குப் போட்டீங்களே டீச்சர், நூறு. அது?"

அக்கா அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கும் நான்தாம்மா வாசிச்சேன்."

அவள் மகளின் தாளை இரண்டாக மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து இவளை அடிச்சேன் டீச்சர். அந்தச் சட்டத்துக்கு முன்னால நிக்க வச்சு அடிச்சேன்."

அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் கையை நீட்டினார். அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா நின்றார். அதற்கு மேல் பார்க்க மாட்டாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் என் வகுப்புப் பிள்ளையின் அப்பா ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்ல வேளை டீச்சர், என் பொண்ணு உங்ககிட்ட படிக்கிறா" என்றார்.

நான் சிரித்துவிட்டு வந்தேன்.