உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் நின்றால் நாலு பேர் தலையில் சந்தனம் இருக்கும். அதனால் எனக்கு வந்த நோயை மறைப்பது சுலபம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வந்தது ரத்தப் புற்றுநோய். சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் வாரம் முடி தலையணையில் கொத்தாகக் கிடந்தது. என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், மலைமேல் முடி காணிக்கை மண்டபத்தில் மொட்டை அடிப்பவர். மீதி முடியை அவரே எடுத்தார். தினம் எத்தனையோ தலை பார்க்கிற கை. அன்றைக்கு என் காதுக்கு மேல் கீறிவிட்டது.

தெருவில் அம்மா வேண்டுதல் என்று சொன்னாள். முடி முளைக்காமல் மாதக் கணக்கில் போனபோதும் வேண்டுதல்தான். எதிர்வீட்டு அக்கா ஒருநாள், முருகனுக்கு உங்கள் வீட்டு முடி ரொம்பப் பிடித்துவிட்டது போல என்றாள். அம்மா சிரித்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. பெண் பிள்ளை என்பது ஒன்று. நோய் இருக்கிற வீட்டுக்காரன் கையில் யாரும் தலையைக் கொடுக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. வெளியே சொல்லாதே என்று நைனா என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். எனக்கு அது போதும். சொல்லக் கூடாதது என்றால் வெட்கப்பட வேண்டியது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கொரோனா வந்தது. டாக்டரம்மா அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். இவள் உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தி இல்லை. சாதாரணச் சளிகூட இவளுக்கு ஆகாது. யாரும் கிட்ட வரக் கூடாது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் அந்த நிமிஷமே புறப்பட்டு வரவேண்டும்.

நைனா சட்டம் போட்டார். வெளியே போவது அவர் மட்டும். வந்ததும் கேட்டுக்குப் பக்கத்திலேயே குளியல். அவர் துணி நேராகக் கொதிக்கிற அண்டாவுக்குப் போகும். காய்கறி மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கிடக்கும். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை. பூவில்கூடக் கிருமி இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால் சாமி படத்துக்கும் பூ கிடையாது. முருகன் நாலு மாதம் எங்கள் வீட்டில் வெறும் கண்ணாடிக்குள் இருந்தார்.

கோயிலை மூடியிருந்தார்கள். மண்டபத்தில் வேலை இல்லை. நைனாவோடு வேலை செய்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் முடி வெட்டினார்கள். நைனா போகவில்லை. இது முடிகிறவரை இன்னொருத்தர் தலையைத் தொட மாட்டேன் என்றார். தெருவில் சிலர் அதைப் பயம் என்றார்கள், சிலர் கொழுப்பு என்றார்கள்.

ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். எனக்குத் திறக்கவில்லை. ஜன்னல் இருந்தது. பேசுவதற்கு நைனா, அம்மா, ஒரு பல்லி. மூன்றாம் மாதம் பல்லியும் போய்விட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. மலைப் பாதையை அடைத்துப் போலீஸ் நின்றது. நைனா எனக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தார். அம்மா பின்பக்கம் அண்டாவில் துணி அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓடினால் வாசலில் கூப்பிடுவது பின்பக்கம் கேட்காது.

ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவனுக்கு இருபது வயது இருக்கும். பின்னால் அவன் அக்கா, மடியில் ஒரு குழந்தை. நகரிப் பக்கத்துக் குடும்பம். ஆந்திரா எல்லையில் செக்போஸ்டுக்குத் தப்பி வயல் வழியாக வந்திருந்தார்கள். பைக் சக்கரம் முழுக்கச் சேறு. அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக முடி எடுப்பது எங்கள் ஆட்கள்தான். அவளுக்கு முதல் மொட்டை போட்டதே நைனாவின் அப்பா. இதெல்லாம் அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடி என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னது.

நைனா இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். குழந்தைக்கு முதல் முடி எடுக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்காரவைக்கத் தம்பியையும் கூட்டிவந்திருக்கிறேன் என்றாள். மலைமேல் விடவில்லையாம். இங்கேயே எடுத்து, முடியைத் துணியில் முடிந்து வைத்திருந்து, கோயில் திறந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாளாம்.

"ரெண்டு பொறந்து போயிடுச்சு பாப்பா. இது நின்னா மொத முடி முருகனுக்குன்னு வேண்டிக்கினேன். ஒரு வயசு முடியறதுக்குள்ள எடுக்கணும்" என்றாள்.

நைனா இப்போது யாருக்கும் எடுப்பதில்லை, எனக்கு உடம்பு சரியில்லை, போய்விடுங்கள். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய்வரை வந்தது. அதற்குள் அவள் என் தலையைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கும் வேண்டுதலா?"

"ஆங்."

"யாரு எடுத்தாங்க?"

"எங்க நைனாதான்."

"எப்ப?"

"நேத்து."

நேத்து என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய்க்கு ஒரு நாள் குறித்தால் நிஜம் போல நிற்கும் என்று நினைத்திருப்பேன்.

அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். "நேத்து சொந்தப் பொண்ணுக்கு எடுத்தவரு இன்னிக்கு நமக்கு எடுக்க மாட்டாராடா?"

இனி மாட்டார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதைச் சொல்வதைவிடக் கேட்டைத் திறப்பது சுலபமாக இருந்தது. கேட்டுக்கு உள்பக்கம் கம்பித் தாழ்ப்பாள். வெளியே இருந்து கையை விட்டாலும் எட்டும். அவர்கள் விடவில்லை. நான்தான் படியிறங்கிப் போய்த் திறந்தேன்.

உண்மையைச் சொல்வதானால் இன்னொன்றும் இருந்தது. அந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முருங்கை மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். தம்பி கைக்குட்டையால் வாயைக் கட்டியிருந்தான். அவள் கட்டியிருக்கவில்லை. குழந்தைக்கு முடி கண்ணை மறைத்தது. அதை உச்சியில் சேர்த்து நூலால் கட்டியிருந்தாள். நான் கேட்டதும் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். கனமாக இருந்தது. பால் வாசனை. நாலு மாதத்தில் நைனா, அம்மா, ஊசி போடுகிறவர்கள் தவிர வேறு யாரும் என்னைத் தொட்டதில்லை. குழந்தை என் தலையில் உள்ளங்கையை வைத்துத் தட்டித் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். மொட்டை நன்றாக இருக்கிறதே என்று அதற்கு ஒரு சந்தோஷம்.

குழந்தையின் வாயில் வழிந்த எச்சிலைத் துடைக்க அவள் குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நொடி குழந்தையை என் மடியிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவரைக்கும் பின்னோக்கியே நடந்து போனாள். தெலுங்கில் ஏதோ சொன்னாள். தம்பியும் எழுந்து ஓடாத குறையாகப் போனான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டாள். இந்த நோய் தன் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டாள். சென்னை போகும் ரயிலில் ஒரு அம்மாள் இதேபோல என்னைப் பார்த்து எழுந்து வேறு இடம் போயிருக்கிறாள். என் இரண்டு கையும் குழந்தையைப் பிடித்த மாதிரியே மடியில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

அப்போது நைனா வந்தார்.

கேட் திறந்து கிடந்தது. உள்ளே ஆட்கள். நான் வாசலில், மரத்தடியில், மாஸ்க் இல்லாமல். அவர் கையில் மாத்திரைப் பை. அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார், யார் திறந்தது என்று.

"அவங்களே தொறந்துகினு உள்ள வந்துட்டாங்க."

குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நடுங்கியிருந்தாலாவது நைனா கவனித்திருப்பார்.

நைனா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தலை கொடுக்க வருகிறவர் குழந்தையானாலும் வாங்க என்பார். அன்றைக்குத் தறிச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்டது. மூடின கேட்டைத் திறந்துகொண்டு வருவீர்களா, நீங்கள் எல்லாம் மனுஷ ஜென்மமா என்றார். அதற்குமேல் சொன்னதை எழுத மாட்டேன். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தம்பிக்காரன் பொறுக்கவில்லை. இல்லண்ணா, பாப்பாதான் என்று ஆரம்பித்தான். அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆங்ண்ணா. நாங்கதான் தொறந்துகினு வந்தோம். தப்புதான்" என்றாள், முந்தானைக்குள் இருந்தே.

பைக் போனது. குழந்தையின் உச்சிக் குடுமி அவள் தோளுக்கு மேல் கொஞ்ச தூரம் தெரிந்தது.

நைனா மரத்தடியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார். அம்மா என்னைச் சுடுதண்ணீரில் தேய்த்தாள். தினம் மூன்று வேளை தெர்மாமீட்டர். நான் நாக்குக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, காய்ச்சல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். செத்துப்போவேன் என்ற பயம் அவ்வளவு இல்லை. காய்ச்சல் வந்தால் மறுபடியும் விசாரிப்பார்கள் என்பதுதான் பயம்.

ஐந்தாம் நாள் வந்தது. நூற்றியொன்று. வாடகை வேன் பிடித்து, பாஸ் காட்டி, சென்னைக்குப் போனோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. நைனாவை உள்ளே விடவில்லை. வெளியே நடைபாதையில் இருந்தார். இரண்டு தடவை பார்த்தும் கொரோனா இல்லை என்று வந்தது. வேறு கிருமி, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம், சொந்த உடம்புக்குள்ளிருந்தே வரும் என்றார் டாக்டரம்மா. யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்றும் கேட்டார். அம்மா நகரிக் குடும்பத்தைச் சொன்னாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்றாள். நான் பக்கத்திலேயே கட்டிலில், மருந்து ஏறிக்கொண்டிருக்க, படுத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பிழைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா சொந்தக்காரர்களிடம் போனில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் கேட் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் அவர்கள் சுவரேறிக் குதித்தார்கள்.

கோயில் திறந்த பிறகு அந்த நகரிப் பெண் வந்திருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. முடி தோள்வரை. நேராக நைனாவின் வரிசையில்தான் வந்து நின்றாளாம். நைனா கத்தியை மடக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். அம்மா, சரியாகத்தான் செய்தீர்கள் என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. மருந்தும் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது தையல் கம்பெனிக்குப் போகிறேன். இடுப்புவரை முடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன். போன தை மாதம் அவர் கை கழுவுகிறவரை அங்கே நின்று, மொட்டை போட்டு வரிசையாக உட்காரவைத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிறது ஒன்று, தலையைத் தடவிப் பார்க்கிறது ஒன்று. எல்லோருக்கும் தலை வெளுத்திருந்தது. எல்லோருக்கும் கறுகறுவென்று புருவம் இருந்தது.

எனக்கு அன்றைக்குப் புருவம் இல்லை. இமையில் ஒரு முடி இல்லை. எந்தச் சாமியும் புருவம் கேட்பதில்லை. மொட்டைத் தலை பார்த்தே வளர்ந்த ஊருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெருவில் எல்லோரும் எங்களோடு சேர்ந்து வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜன்னலில் பார்த்தபோது தெரியாதது அந்த நகரிப் பெண்ணுக்குக் குனிந்தபோது தெரிந்திருக்கிறது.

நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கை இப்போது முன்போல நிதானமாக இல்லை. சொல்ல வேண்டும்.

அந்த மாதங்களில் அம்மா என் அறைக்குள் தட்டோடு வரும்போதெல்லாம், நிலைப்படி தாண்டுவதற்கு முன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து போவாள். மூச்சுக்கூட என்மேல் படக் கூடாது என்று. அது எனக்குத் தெரியும். அதைப் பார்த்து ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் எங்கள் வாசலில் அதையே செய்தாள். தன் குழந்தையை என்னிடமிருந்து காப்பாற்றுகிறாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.