எஸ்தர் நம்ப மறுத்த கோடு

எஸ்தர் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது திருவள்ளூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. பல வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவன் நான். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலரும் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வெறுமனே புகழ்ந்தால் நம்பமாட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நாட்டின் பல்கலைக்கழகங்களில் சமூக அறிவியல் ஆராய்ச்சி வளர்கிறதா, குறைகிறதா என்று கணக்கெடுப்பது எங்கள் குழுவின் வேலை. ஆய்வேடுகளின் தலைப்பைப் பார்த்து அவற்றைக் கணினி துறைவாரியாகப் பிரித்தது. வரைபடத்தில் சமூக அறிவியலுக்கான கோடு சறுக்குமரம்போல இறங்கியது. அறிக்கை அப்படியே போனால் அந்தத் துறைகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான இடங்களைக் குறைத்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைத் தொழிலாளியின் மகளான எஸ்தர், அப்படியோர் இடம் கிடைத்துத்தான் மேலே வந்தவர்.

அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டிய அன்று என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா சார் இது? உருக்காலைல வேலை செய்றவங்க குடும்பத்தப் பத்தி ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக்கீது. தலைப்புல உருக்குன்னு இருந்ததும் மிஷினு அதத் தூக்கி இன்ஜினியரிங்ல போட்டுக்கீது!”

“ஒண்ணு ரெண்டு அப்படிப் போகும், மேடம்.”

“ஒண்ணா ரெண்டான்னு பாத்தாதானே தெரியும்?”

கெடு முடிகிறது என்று குழுத் தலைவர் கத்தினார். எஸ்தர் அசையவில்லை. வேறு துறைகளில் விழுந்துகிடந்த ஆய்வேடுகளை நாங்கள் இருவரும் திறந்து படித்தோம். நெல் வயல் குத்தகைச் சண்டை வேளாண்மையில் கிடந்தது. பிரசவ வார்டு ஆயாக்கள் படும் பாடு மருத்துவத்தில். “நாஷ்டா துன்னுட்டு வந்து உக்காருங்க சார், பசில கண்ணு பொய் சொல்லும்” என்று என்னை விரட்டுவார். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் அவை.

எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வரைந்தோம். கோடு அப்போதும் இறங்கியது. சரிவு கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். மேலாண்மை ஆய்வேடுகள் சிலவற்றையும் இந்தப் பக்கம் தள்ளினால் நிமிர்ந்துவிடும் என்றார் குழுவில் ஒருவர்.

“வேணாம் சார். மிஷினு பண்ண தப்ப நாம திருத்தினோம். நாம தப்பு பண்ணா யாரு திருத்துவாங்க?”

கண் கலங்க, கையெழுத்துப் போட்டார். இடங்களைக் குறைக்கத்தான் செய்தார்கள். அவர் படித்த துறையிலும்.

பிடிக்காத விடை வந்தால் முழுதாகச் சரிபார்ப்பது, பிறகும் அதுவே வந்தால் ஒப்புக்கொள்வது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். எஸ்தர் இல்லை என்பதை யாரிடம் கேட்டுச் சரிபார்த்தாலும் அதே பதில்தான் வருகிறது. ஒப்புக்கொள்ளத்தான் இன்னும் முடியவில்லை.